பல் தெரியப் பேசுதல்

நாக்கு நுனியைப் பல்லுக்கு வெளியே
ஓர் அரிசி அளவு நீட்டிக்
காற்றை விடச் சொல்கிறது யூடியூப்.
திங்க். த்ரீ. டூத்.
டூத் என்று சொல்லும்போது
டூத் தெரிய வேண்டும், அதுதான் உச்சரிப்பு.

பாலக்கோட்டுப் பக்கத்துப் பல் என்னுடையது.
போர்வெல் தண்ணீர் எழுதிய பழுப்புக் கோடுகள்
முன்னிரண்டில் கொஞ்சம் கூடுதல்.
ஆறாம் வகுப்பிலிருந்து
மேலுதட்டை இழுத்துப் பிடித்தே பேசிப் பழகியவள்.
சிரிப்பு வந்தால் துப்பட்டா,
துப்பட்டா இல்லாத நாளில் புறங்கை.
அம்மா, மாமா, வாம்மா, போப்பா
என்று உதட்டிலேயே முடிகிற சொற்களாகப் பார்த்து
ஒரு வீட்டை ஓட்டிவிடலாம்.
நான் கேட்டிருக்கும் கல்லூரிக்கு
ஆறரை மதிப்பெண் வேண்டும்.

முனிராஜ் நெட் சென்டரில்
மூன்றாவது நாற்காலிக்கு ஒரு கால் குட்டை.
பெயர்: சங்கவி.
அடுத்த கட்டத்தில் சிவப்பு நட்சத்திரம்,
குடும்பப் பெயர் கட்டாயமாம்.
எம் என்று போட்டேன். ஓர் எழுத்து போதாதாம்.
"பாஸ்போர்ட்ல இருக்கறத அப்படியே போடும்மா."
மாதையன்.
தக்காளி மண்டியில் பெட்டி தூக்குகிற அப்பா
ஹெட்போனுக்கு அந்தப் பக்கம்
மிஸ் மாதையன் ஆகிவிட்டார்.

புகைப்படத்துக்கு விதி:
வெள்ளைப் பின்னணி,
இரண்டு காதும் தெரிய,
வாய் மூடியிருக்க.
கடைசி வரியை இரண்டு முறை வாசித்தேன்.
இந்தப் பரீட்சையில்
படிக்காமலே நான் தேறிய பகுதி.

பணம், கிலோ எண்பதுக்குப் போன ஆடியில்
அம்மா எடுத்து வைத்தது.
ஓடிபி போவது பெங்களூருக்கு, அண்ணன் போனுக்கு.
ஒன்பதாவது மாடி, சாரத்தின் மேல், காற்று.
ரெண்டு நிமிஷம்தான் இருக்கும், சொல்லுண்ணா.
நாலு வருசம் அங்கே செங்கல் எண்ணியவன்
ஏளு, மூரு, ஒம்பத்து என்று கத்துகிறான்,
கன்னடம் என்று அவனுக்கே தெரியாமல்.
ஏழாகவும் மூன்றாகவும் வாங்கி நான் தட்டும்போது
எந்த மொழியும் இல்லை அது. 7. 3. 9.
சக்கரம் சுற்றியது.
இன்னும் சுற்றியது.
முனிராஜ் எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினார்,
நெட்டுக்கு மூச்சு வாங்குகிறது என்பதுபோல.

ராத்திரி, விளக்கணைத்த பிறகு
த மதர். த ஃபாதர். த வெதர்.
பக்கத்துப் பாயிலிருந்து தங்கை:
"அது என்னக்கா, பாம்பு சீறுற மாதிரி?"
அது.
இன்னொரு தடவை சொல்லு.
"எத?"
அது, எது, காது, கழுதை.
சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.
நாக்கு தானாகவே போய்ப் பல்லை உரசிக்
காற்றை விட்டுத் திரும்புகிறது.
இருபத்திரண்டு வருசமாக வாயில் கிடந்த எழுத்துக்கு
ஐநூறு ரூபாய் கொடுத்துப்
புத்தகம் வாங்கியிருக்கிறேன்.
அதற்காக
உதட்டைத் திறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது.
இருட்டு அது.

பேச்சுத் தேர்வில் முதலில் ஊரைப் பற்றித்தான் கேட்பார்களாம்:
உங்கள் ஊர் எதற்குப் பெயர்போனது?
மாதிரி விடையில் ஒகேனக்கல் அருவியை
எட்டு வாக்கியத்துக்கு மனப்பாடம் செய்திருக்கிறேன்.
ஒரே ஒரு முறை போனது, பள்ளிச் சுற்றுலா,
இறங்கியதும் வாந்தி எடுத்தேன்.
ஒன்பதாவது வாக்கியமும் எனக்குத் தெரியும்.
மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு
நான் முதல் வாக்கியம் சொல்லும்போதே தெரிந்துவிடும்.

அனுமதிச் சீட்டு வந்துவிட்டது.
சேலம். சனிக்கிழமை. காலை எட்டு மணி.
நாலரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.
கைக்கடிகாரம் கூடாது. பர்ஸ் கூடாது.
தண்ணீர் கொண்டுவரலாம்,
நிறமில்லாத பாட்டிலில்,
லேபிளைக் கிழித்துவிட்டு.

தெருக்குழாயில் பிடித்து
டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தேன்.
கண்ணாடி மாதிரி இருக்கிறது.
எதுவும் எழுதியிருக்கவில்லை.